வெளிர் தோலில் விழுந்த வேர்வை

கலையரசிக்கு வேர்த்தது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். கொலை செய்யவில்லை, கொள்ளை அடிக்கவில்லை, கம்பெனித் தோலில் ஒரு துணுக்கைக்கூட முந்தானையில் முடிந்துகொண்டு போனதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருபது வருஷமாக ஒரே மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுப்பவள். 'அப்பர்' என்பார்கள் அதை. நாற்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு வேர்க்க ஆரம்பித்தது. அதைப் பொறுத்துக்கொள்ள அந்தக் கூரைக்குக் கீழே ஒருத்தருக்கும் மனசு இல்லை.

வேர்வை என்றால் வெயில் வேர்வை இல்லை. திமிரியில் பிறந்து, கடலைக்கொல்லையில் காய்ந்து வளர்ந்தவளுக்கு வெயில் ஒரு பொருட்டா? இது வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி இருக்கும். சூடு கழுத்தில் ஏறும். காது எரியும். முகம் சிவந்து, தலைமுடிக்குள் தண்ணீர் ஊறி, ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி உடம்பு சில்லிட்டுப் போகும். மார்கழி மாசத்திலும் இதே கூத்துதான்.

அதோடு விட்டதா? மாதவிடாய் இரண்டு மாசம் எட்டிப் பார்க்காது. வந்தால் நிற்காது. லைனுக்கு ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன். ஆணியில் தொங்கும் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த சட்டமோ, அவனுக்கு ஒரு மாசம் இந்த ரத்தம் போயிருந்தால் தெரிந்திருக்கும். கலையரசி டோக்கனை அடிக்கடி எடுத்தாள். "பேசாம அதைத் தாலியில கோத்துக்கோ கலை," என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொல்ல, மொத்த லைனும் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். வெட்கம் கெட்டதுகள்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? கணவன் தணிகைவேல் ஆட்டோ ஓட்டுகிறவன். அவள் ஃபேனைக் கூட்டினால் அவன் குறைப்பான். தூக்கம் கெட்டுக் கெட்டு அவளுக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சாம்பாரில் உப்பு கம்மி என்று அவன் முகம் சுளித்த ஒரு காலையில், கையிலிருந்த கரண்டியைச் சுவரைப் பார்த்து விட்டெறிந்தாள்.

"இன்னாடி, பேய் கீய் புடிச்சிச்சா உனக்கு?"

"புடிக்கல. அதைக் கட்டிக்கினுதான் இத்தினி வருஷமா குடும்பம் நடத்துறேன்."

சுவரில் அந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. அவனும் துடைக்கவில்லை, அவளும் துடைக்கவில்லை.

இதற்கெல்லாம் மருந்து மனோரமாவிடம் இருந்தது. மனோரமா தையல் பிரிவின் இன்சார்ஜ். ஒரு காலத்தில் இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள், ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவர்கள். அவள் மேலே போனாள், 'மனோ' போய் 'மேடம்' ஆனாள். மேடத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. கர்ப்பப்பையை எடுத்துவிடு. வயிற்று வலியா, எடுத்துவிடு. அதிகமாகப் போகிறதா, எடுத்துவிடு. உடம்பு சூடாகிறதா, எடுத்துவிடு. பண்டிகை லீவு வரும்போது, கம்பெனியில் ஆர்டர் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவது அந்த லைனில் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஜவுளி எடுக்கப் போவதைப் போலப் பேசிக்கொள்வார்கள். போய்ப் படுத்து எழுந்து வந்தவளை மனோரமா முதுகில் தட்டி, "இனிமே டோக்கனுக்கு வேலை இல்ல," என்பாள்.

"புள்ள பெத்து முடிச்சாச்சு, இன்னும் அது எதுக்கு வயித்துல? நான் எடுத்துப் பத்து வருஷம் ஆச்சு. கல்லு மாதிரி இருக்கேன் பாரு," என்று கலையரசியிடமும் சொன்னாள்.

கலையரசிக்குப் பயம். கத்தி என்றால் பயம், அதைவிட, தன் உடம்பைப் பற்றித் தன்னைத் தவிர எல்லாரும் முடிவு செய்வது அவளுக்கு எரிச்சல். ஒருநாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அஃப்ஷா ஸ்கேன் எடுக்க வைத்தார், ரத்தம் பார்க்க வைத்தார், கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவெல்லாம் வந்த பிறகு கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லமா. மாதவிடாய் நிக்கப்போற வயசு. ஹார்மோன் ஏறி ஏறி இறங்குது. அதான் சூடு, அதான் தூக்கம் இல்ல, அதான் கோபம்."

"கோபம் கூடவா?"

"அதுவும்தான். எல்லாக் கோபமும் இதுல வராது, கொஞ்சம் உங்க வீட்டுக்காரரோடது," என்று டாக்டர் சிரித்தார். "போக்கு கம்மியாக மாத்திரை தர்றேன். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு, அதுக்கும் தர்றேன். மூணு மாசம் கழிச்சு வந்து காட்டணும்."

"எடுத்துடுன்றாங்களே?"

"கட்டி இருந்தா, மருந்துக்கு அடங்கலன்னா, நானே எடுக்கச் சொல்வேன். உங்களுக்கு இப்ப வேணாம். எடுத்தா ரத்தம் நிக்கும், சூடு நிக்காது. கூடவே சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டா, மெதுவா வர வேண்டியது ஒரே நாள்ல மொத்தமா வந்து எறங்கும். அப்புறம் எலும்பு, இடுப்புன்னு அது வேற."

வீட்டுக்கு வந்து தணிகைவேலிடம் சொன்னாள். "டாக்டர் படிச்சுச் சொல்றாங்க. மனோரமா மேடம் பட்டுச் சொல்றாங்க," என்றான் அந்த மகா புத்திசாலி.

மாத்திரையில் ரத்தம் குறைந்தது. சூடு போகவில்லை. கலையரசி நெற்றியில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டாள், கழுத்தைச் சுற்றித் தணிகைவேலின் பருத்தித் துண்டைப் போட்டுக்கொண்டாள். லைன் அவளுக்குப் 'பயில்வான்' என்று பேர் வைத்தது. வைத்துத் தொலையட்டும் என்று தைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மணல் நிறத் தோலில் ஒரு ஏற்றுமதி ஆர்டர் வந்தது. வெல்வெட் மாதிரி மேலே பூ முடி நிற்கும் மெல்லிய தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், காய்ந்த பிறகும் வட்டமாகக் கறை நிற்கும். அழிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. லைனில் தண்ணீர் பாட்டிலுக்கே தடை போட்டார்கள். அப்படியும் தைத்து முடித்த அப்பர்களில் கறை தெரிய ஆரம்பித்தது. ஜோடி ஜோடியாகக் கழித்துப் போட்டார்கள். கண்கள் எல்லாம் கலையரசியின் பக்கம் திரும்பின.

மனோரமா அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பக்ரீத் லீவுல போய் எடுத்துட்டு வா. வேர்வையும் நிக்கும், உன் பேஜாரும் நிக்கும். முடியாதுன்னா மெஷினை விட்டு எழுந்து நூல் வெட்டப் போ."

நூல் வெட்டுவது புதிதாகச் சேர்ந்த பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை. பிறந்த வீடு அண்ணனுடையது, இருக்கிற வீடு தணிகைவேலுடையது. அந்த மெஷின் ஒன்றுதான் அவளாகச் சம்பாதித்துக்கொண்ட இடம். வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தால்தான் அந்த இடமும் நிலைக்கும் என்றால், இது என்ன நியாயம்?

பக்கத்து மெஷின் ஹீனாவுக்கு நாற்பத்தொரு வயது. அவளுக்கும் ரத்தப்போக்கு. மேடம் சொன்ன ஆஸ்பத்திரியில் பக்ரீத் லீவுக்குத் தேதியே வாங்கிவிட்டாள்.

"ஒரே ஒரு வாட்டி அந்த டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு முடிவு பண்ணு ஹீனா," என்று கலையரசி கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"மேடமுக்கு நல்லாத்தானேக்கா ஆச்சு?" என்றாள் ஹீனா.

லீவுக்கு முந்தைய வாரம் மேனேஜர் வக்கார் அகமது கறை பட்ட அப்பர்களைக் கை நிறைய அள்ளிக்கொண்டு தையல் பிரிவுக்குள் வந்தார். செக்கிங் டேபிளில் போட்டார். தைத்து முடிந்த அப்பர் எல்லாம் கடைசியாக அந்த டேபிளுக்குத்தான் வரும். தலைக்கு நேர்மேலே நாலு டியூப்லைட் எரியும். மனோரமா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்புவாள்.

"மொத்த லாட்டும் திரும்பி வந்துடும்மா. யாரு பண்றது இது?"

"இவதான் சார்," என்று மனோரமா கலையரசியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டேபிளுக்குக் கூட்டி வந்தாள். "மழையில நனைஞ்ச மாதிரி ஊத்திக்கினு உட்கார்ந்திருப்பா. சொன்னாலும் கேக்க மாட்டா."

"நான் துண்டு கட்டிக்கினு தைக்கிறேன் சார். ஒரு சொட்டு கீழ விட்டதில்ல."

"வாய் பேசாத! ஊருக்கே தெரியும் நீ வேர்க்குறது. இன்னியோட மெஷினை விட்டுடு. திமிரு, திமிரு! நல்லது சொன்னா கேக்குறதில்ல. நாங்கல்லாம் பொம்பளைங்க இல்லயா? நாங்க எடுத்துக்கல?"

கத்தக் கத்த அவள் கழுத்து சிவந்தது. கலையரசி அதைப் பார்த்தாள். கழுத்திலிருந்து அந்தச் சிவப்பு கன்னத்துக்கு ஏறியது, காதுக்குப் போனது. அந்த வழி கலையரசிக்கு மனப்பாடம். மேலுதட்டில் வேர்வை பூத்தது, நெற்றியில் திரண்டது. மனோரமா அப்பரை ஆதாரமாக நீட்டிப் பிடித்துக் குனிந்து கத்திக்கொண்டே இருந்தாள். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மணல் நிறத் தோலில் வட்டமாக, கறுப்பாக ஊறியது. பின்னாலேயே இன்னொன்று.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இன்னா மனோரமா, ஜுரமா?" என்றார் வக்கார் அகமது.

"இல்ல சார். லைட்டு சூடு."

அவர் தோலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கலையரசியின் துண்டைப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆனால் முழுசாகப் புரிந்துகொள்ள அவருக்கு இஷ்டம் இல்லை.

"சரி, சரி. வேர்க்குறவங்கள கறுப்பு லெதர் லைனுக்கு மாத்திடு. மெஷின் கிஷின் எதுவும் புடுங்காத. கறுப்புல தெரியாது," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். தீர்ந்தது பிரச்சினை! ஒரு ஃபேன் போடலாம், இன்னொரு டோக்கன் மாட்டலாம் என்று அந்தப் பெரிய மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

கலையரசிக்கு மெஷின் தங்கியது. சந்தோஷப்பட நேரம் இல்லை. பக்கத்தில் ஹீனா எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், நீங்க எடுத்துட்டீங்க இல்ல?"

"ஆமா. போய் வேலையப் பாரு."

"அப்புறம் ஏன் வேர்க்குது?"

மனோரமா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஹீனா நகரவில்லை.

"எனக்குத் தேதி போட்டிருக்கு மேடம். சொல்லிடுங்க."

மனோரமா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எடுத்ததுலேர்ந்துதான் இவ்ளோ ஜாஸ்தி," என்றாள், டேபிளைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு பக்கச் சினைப்பையையும் சேத்து எடுத்துட்டாங்க. கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. அப்புறமா டிஸ்சார்ஜ் சீட்டுல பார்த்துத்தான் தெரிஞ்சுது. இடுப்பு வலி தாங்கல. ராவுல எழுந்து ஈரத்துணியப் போத்திக்கினு படுக்குறேன்."

கலையரசிக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. டாக்டர் சொன்னாரே, எல்லாக் கோபமும் ஹார்மோனில் வராது என்று. இது ஹார்மோன் கோபம் இல்லை.

"பத்து வருஷமா! கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிச் சொல்லி எத்தினி பேர அனுப்புன நீ? ஒருத்திகிட்ட, ஒரே ஒருத்திகிட்டயாவது வாயத் தொறந்தியா மனோ?"

'மனோ' என்று கூப்பிட்டது அவளுக்கே பிறகுதான் உறைத்தது. மனோரமா நிமிர்ந்தாள். கண் கலங்கவில்லை. அவளுக்கும் கோபம்தான்.

"எனக்கு மட்டும் யாருடி சொன்னாங்க?"

கலையரசிக்கு இன்னும் எரிந்தது. மனோரமாவின் தாடையிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. கழுத்தில் கிடந்த துண்டைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை மேலே போனது. கொடுக்கவில்லை. கொடுக்க மனசு வரவில்லை. தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

டீ மணி அடித்தது. ஹீனா பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனாள். அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் ஆபரேஷன் தேதியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

"நக்கோ ஜி," என்றாள் உருதுவில். வேண்டாம் என்று அர்த்தம். அவர் திரும்பவும் கேட்டார் போலிருக்கிறது. இந்த முறை லைன் முழுக்கக் கேட்கும்படி, செக்கிங் டேபிளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நக்கோ!"