நாளைக்குச் சேர்த்த சூடு

எண்பதுகளின் நடுவில், இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து குடியேறிய குட்மேய்ஸ் வீட்டுக்கு மின்சார ஹீட்டர் வாங்கப் போனபோது மனைவி கேட்டது சில்லுப் பூட்டிய எண்ணெய் ரேடியேட்டர். குளிருகிற அறைக்கு உருட்டலாம். போட்டால் சுடும், நிறுத்தினால் ஆறும். நான் படித்தவன். கடையிலிருந்த விளக்கத் தாள்களையெல்லாம் வாசித்துவிட்டு ஸ்டோரேஜ் ஹீட்டர்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். இரும்புப் பெட்டிக்குள் கனத்த கற்கள். இரவு மின்சாரத்தில் அவை சூடேறி, மறுநாள் முழுக்க அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும்.

"எனக்கு இப்பவெல்லோ குளிருது," என்றாள். "நாளைக்குச் சுடுற பெட்டி என்னத்துக்கு?"

"நீர் கொஞ்சம் தூரநோக்கோட யோசியும்."

பெட்டியில் இரண்டு குமிழ்கள். ஒன்று இரவில் எவ்வளவு சூடு சேர்ப்பது என்பதற்கு. மற்றது பகலில் எவ்வளவு விடுவது என்பதற்கு. மாலைதோறும் வானிலை கேட்டு, நாளைய குளிரை ஊகித்து, முதல் குமிழைத் திருப்புவேன். ஏழு வருடத்தில் ஏழு நாள் சரியாக ஊகித்திருப்பேன். வெயில் எறித்த நாள்களில் யன்னலைத் திறந்துவைத்தோம். பனி கொட்டிய நாள்களில் அவள் கோட்டோடு நின்று சமைத்தாள். "உங்கட தூரநோக்கு சுகமா இருக்கோ?" என்று கேட்பாள்.

பிறகு ஒரு ஜனவரியில் அவளுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சொன்னாள்: "இண்டைக்கெண்டாலும் முழுக்கத் திருப்பிவிடுங்கோ. குளிர் வீட்டுக்கு நான் வரமாட்டன்."

வீட்டுக்கு வந்து இரண்டு குமிழ்களையும் கடைசி எண் வரை திருப்பினேன்.

விடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

மத்தியானம் சனம் வந்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அடுத்த தெரு அக்கா சோறும் கறியும் சமைத்துக் கொண்டுவந்தா. குசினிக் கதவையும் சாத்திவிட்டா. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றினார்கள். அந்த வீடு அவள் கேட்டபடி சுட்டது அன்றைக்குத்தான்.

"தம்பி, வேர்க்குது. இதை நிப்பாட்டும்," என்றார் ஒரு பெரியவர்.

"ஏலாது அண்ணை. இது நேற்றுப் போட்டது."

அவருக்காகச் சுவர் சுவிட்சை அணைத்தும் காட்டினேன். பெட்டி தன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்தது.

மாலையில் எல்லோரும் போனார்கள். வானொலியில் நாளைக்கும் உறைபனி என்றார்கள். அணைத்த சுவிட்சை நான் திரும்பப் போடவில்லை, முதல் குமிழையும் தொடவில்லை. இரண்டாவதை மட்டும் ஆகக் குறைத்துவிட்டு, பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். நேற்றுப் போட்டதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.