மூத்தவள் ஏன் கிணற்றில் விழுந்தாள்

பல வருஷம் மதராஸ், கொழும்பு என்று அலைந்துவிட்டு நான் வட்டகொடைக்குத் திரும்பியபோதும், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சினிமா என்றால் வீரம்மா அத்தைதான். சம்பளம் போட்ட ஞாயிறு அட்டனுக்குப் போய்ப் படம் பார்ப்பாள். திங்கட்கிழமை கொழுந்து பறித்தபடியே கதையைத் தொடங்கினால் வாரக் கடைசி வரை ஓடும். அவளுக்குப் பக்கத்து நிரை கேட்டுப் பெண்கள் கங்காணியிடம் கெஞ்சுவார்கள். அவள் கதைகளில் நல்லவள் அழுவாள், கெட்டவள் சிரிப்பாள், முடிவில் அது மாறிக்கொள்ளும்.

அந்த வருஷம் இறம்பொடைப் பக்கமிருந்து பூரணி எங்கள் தோட்டத்து வீடொன்றுக்கு மருமகளாக வந்தாள். சின்ன வயது, நல்ல குரல், நடித்தே காட்டுவாள். அத்தை பார்த்துவந்த இரண்டு பெண்டாட்டிக் கதையை அவள் கண்டியில் முன்பே இரண்டு தடவை பார்த்திருந்தாள். அத்தை வாயைத் திறக்குமுன், மூத்தவள் கடைசியில் கிணற்றில் விழுந்து செத்துப்போவாள் என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் பெண்கள் பூரணியைச் சுற்றி நின்றார்கள். அத்தையின் இரு பக்கமும் காலி. பூரணியின் மூக்குத்தியைக்கூட அத்தைக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை, தூரத்து நிரைக்கும் கேட்கிற மாதிரி அத்தை பேசினாள்.

"செத்தது தெரியும். அவ ஏன் விழுந்தான்னு எவளுக்காவது தெரியுமா?"

பிறகு மூத்தவளின் கதையைச் சொன்னாள். குழம்புக்கு உப்புப் பார்க்க அவளைத்தான் எல்லாரும் கூப்பிட்டார்களாம். இளையவள் வந்த பிறகு, இவள் பேசும்போதே முகங்கள் அந்தப் பக்கம் திரும்பினவாம். இளையவளின் பாலில் அவள் விஷம் கலக்கும் இடம் வந்தபோது, அவளை யாரும் திட்டவில்லை. ராசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கை நின்றுபோனதென்று கங்காணி கத்தினார்.

பூரணியும் தன் நிரையை விட்டு வந்துவிட்டாள்.

"நானும் பார்த்தேனே அக்கா. இதெல்லாம் படத்துல வரலையே?"

"ஒனக்குப் பக்கத்துல ஆளே இல்லாம ஒரு நா கொழுந்தெடு. வரும்."

பூரணி தன் நிரைக்குத் திரும்பவில்லை; அங்கேயே நின்று கொழுந்தெடுத்தாள்.

சனிக்கிழமை முடிவு வந்தது. அத்தை மூத்தவளைக் கிணற்றில் தள்ளவில்லை. அவள் கையாலேயே பாலைக் கொட்டவைத்தாள். இளையவளைப் பெட்டியோடு ரயிலேற்றி அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். பெண்கள் பூரணியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அவ திரும்பி வருவா அக்கா," என்றாள் பூரணி.

"வரட்டும். வந்தாலும் நாந்தானே சொல்லணும்," என்று அடுத்த செடிக்கு நகர்ந்தாள் அத்தை.