மகன் இருக்கான்னு சொல்லு

செல்வி, குமரா,

இந்தப் பிரெஞ்சு ஊரில் முப்பது வயதுக்காரன்கூடச் சாப்பாட்டு மேசையில் தன் முதுமையைப் பற்றிப் பேசுகிறான். மழை வருமா என்று கேட்பதுபோல, ‘ரெத்ரேத்’ எப்போது என்று கேட்கிறான். வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. நம் பாகூர்ப் பக்கம் ரெத்ரேத் என்றால், பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் வந்த சொல்தா வீட்டுக்கு வரும் பென்ஷன். நெல் விதைக்கிறவனுக்கு அது ஏது?

அதனால்தான், முதுமைக்கென்று சம்பளத்தில் கூடுதலாகக் கொஞ்சம் பிடித்துவைக்கச் சம்மதமா என்று தொழிற்சாலை அலுவலகத்து மதாம் கேட்டபோது, “நான் சொல்தா இல்லை” என்றேன். மொழிபெயர்க்க வந்திருந்த நீ, செல்வி, சிரித்துவிட்டாய்.

“இது எல்லாருக்கும்பா. வயசானா உங்கள யாரு பாத்துக்குவாங்கன்னு கேக்கறாங்க.”

“எனக்கு மகன் இருக்கான்னு சொல்லு.”

ஒரு சொல் குறைக்காமல் சொன்னாய். மதாம் உன்னைப் பார்த்தாள். பிறகு என்னிடம், “ஏ எல்?” என்றாள்.

“இன்னா கேக்கறாங்க?”

“ஒண்ணும் இல்லப்பா. போலாமாம்.”

எனக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. அந்த இரண்டு சொல் புரியும். ‘அப்போ இவள்?’ புரியாதவன்போல எழுந்து வந்தேன். பேருந்தில் நீ சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். குமரா, நீ அப்போது கைக்குழந்தை. உன் தலையில் எதை ஏற்றிவைத்தேன் என்று உனக்குத் தெரியாது.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, பாகூர் பஸ் நிறுத்தத்தில் உங்கள் தாத்தா தன் கூட்டாளியிடம், “பையன் சம்பாரிக்கறப்ப எனக்கு இன்னாடா கொறை?” என்று பெருமை பேசினார். என் பெட்டியைச் சுமந்து வந்த என் தங்கை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பணம் அனுப்பியவன் நான். தவளக்குப்பத்துப் புகுந்த வீட்டிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து, கண் மங்கிய அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தவள் அந்த அத்தைதான். அதுவும் அன்று நாம் திரும்பிய பேருந்தில்தான் எனக்கு உறைத்தது. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, செல்வி.

மறுநாள் வேலை விட்டதும் தனியே அந்த அலுவலகத்துக்குப் போனேன். மதாம் உன்னைத் தேடிக் கதவைப் பார்த்தாள். “தூ அன்ஃபான்” என்றேன். இரண்டு பிள்ளைகள். உச்சரிப்பில் நம்பிக்கை இல்லாமல் இடக்கையில் இரண்டு விரலை உயர்த்தியும் காட்டினேன். “ரெத்ரேத், வூய்” என்று சம்மதம் சொல்லி, அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போதுதான் கவனித்தேன். அந்த இரண்டு விரல்களை இன்னும் மடக்காமலே வைத்திருந்தேன்.