ஆற்றில் வாங்கிய பதில்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தபோது, என் மகள் எஸ்தர் கைக்குழந்தையாகவே காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தோம். முழுக்கு ஞானஸ்நான சபையில் சேர்ந்துவிட்ட என் கொழுந்தன், அடக்கத்தன்றே சொன்னான்: "தண்ணி தெளிச்சா ஞானஸ்நானமா அண்ணி? விசுவாசிச்சு முழுகணும். அது செல்லாது."

அடுத்த மாதம் கிள்ளான் ஆற்றில் அவனுக்கு முழுக்கு. பார்க்கப் போனேன். முழுகி எழுந்தவன் வழுக்கி, வெள்ளத்தில் இழுபட்டு, கரையில் நின்ற என் காலடியில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"அண்ணி, கை குடுங்க."

"எஸ்தர் ஞானஸ்நானம் செல்லுமா?"

"செல்லும் அண்ணி."

சபையார் கேட்கும்படி இன்னொரு முறை சொல்லவைத்துவிட்டுத்தான் இழுத்தேன்.

இப்போது அந்தச் சபையின் முழுக்கு எதையும் நான் தவறவிடுவதில்லை. கரையில் சபையாரோடு பாடிக்கொண்டிருக்கும் கொழுந்தன் என்னைக் கண்டதும் பாடுவதை நிறுத்திவிடுகிறான். அதைப் பார்க்கத்தான் போகிறேன்.