பாலாவி உப்பளத்தில் உட்கார்ந்த நௌபர் சேர்

நௌபர் சேர் வபாத்தான செய்தி ஊர் விளையாட்டுச் சங்கத்தின் கைபேசிக் குழுவில் ஒரு படமாக எனக்கு வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு குழுப் படத்திலிருந்து அவருடைய முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் தீப்பந்தம் வரைந்து, கீழே பொன்னிற எழுத்தில் ‘நெடுந்தூர ஓட்டத்தை இறுதிவரை ஓடி முடித்த எங்கள் மண்ணின் வீரர்’ என்று போட்டிருந்தார்கள். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்து ‘இன்னாலில்லாஹி’ சொன்னேன். அந்த வரியை இரண்டாவது தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பல்ல.

அவர் அந்த ஓட்டத்தை முடிக்கவில்லை. படத்தைச் செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும்.

பாடசாலை நினைவு மலருக்கு ‘நல்லதா நாலு வார்த்தை’ கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். நல்லதா இல்லையா என்பதை அச்சிடுபவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

சேரை அறியாதவர்களுக்காக: தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கிய குடும்பம் அவருடையது. பாலாவி அகதி முகாமில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக் கணித ஆசிரியரானார். பிறகு முகாமுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு உப்பள வரம்பில் ஓடுவார். பேசிப் பழக இனிமையான மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பிடிக்காத மனிதர்களின் பட்டியல் நீளமானது. அதில் நானும் இருந்தேன்.

நான் தமிழ் ஆசிரியையாக அவருடைய பாடசாலையில் சேர்ந்த முதல் தவணையிலேயே அவருடைய சுபாவத்தைக் கண்டேன். கணக்குக்கு விடை மட்டும் எழுதி, செய்கை காட்டாத தாளுக்கு அவர் ஒரு புள்ளியும் போட மாட்டார். அந்தத் தவணை அப்படிப் பூச்சியம் வாங்கியது விளையாட்டுச் சங்கத் தலைவரின் மகன். தலைவர் நேரே ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

“சேர், விடை சரிதானே?”

“ஓம், சரி. மகன் அங்க எப்படிப் போய்ச் சேந்தார் எண்டுதான் தாள்ல இல்ல.”

“நடந்து போனா என்ன, பறந்து போனா என்ன?”

“பறக்கிற பாடம் நான் எடுக்கிறல்ல ஹாஜியார். அதுக்கு வேற ஆளப் பாருங்க.”

அறையில் இருந்த எல்லோரும் கொப்பிகளுக்குள் முகத்தை ஒளித்துச் சிரித்தோம். தலைவர் அதை மறக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அதே தலைவர்தான் சிலாபத்திலிருந்து புத்தளம் வரையான அந்த ஓட்டத்தை ஏற்பாடு செய்தார். யுத்தம் முடிந்து, பாதைகளுக்குப் புதிதாகத் தார் போட்டு, பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் எதையாவது திறந்து வைக்கத் தேவைப்பட்ட காலம். ஓட்டத்துக்கு நல்லிணக்கம் என்ற சொல்லையும் ஒட்டினார்கள். ஒலிவாங்கி என் கையில் தரப்பட்டது. எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்பார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது.

விடியும்போது சிலாபத்தில் புறப்பட்டவர்களில், பாதி வழிக்கு மேலே உள்ள கனமூலையைத் தாண்டியவர்கள் ஆறு பேர். சேர் முன்னால் வந்துகொண்டிருந்தார். புத்தளத்தில், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்து வேப்பமர நிழலில், அவருடைய மனைவி பரீதா ராத்தா ஒரு பிளாஸ்க்கும் ஈச்சம்பழப் பையுமாகக் காத்திருந்தார். முகாமிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் மாலையோடு நின்றார்கள்.

அன்று பார்த்துப் பிரதம அதிதி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நண்பகல் லுஹருக்கு முன் வேறோர் ஊரில் இன்னொன்றைத் திறக்க வேண்டுமாம். தலைவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வேனை அனுப்பி ஓடுபவர்களை ஏற்றிவந்து, அரைக் கிலோமீற்றருக்கு முன்னால் இறக்கிவிட்டு, நாடாவை அறுக்கச் செய்வது என்று முடிவானது.

“நீங்களும் போங்க டீச்சர்,” என்றார். “ஒரே ஸ்கூல்தானே. நீங்க சொன்னா அந்தாள் கேப்பார்.”

நான் போனேன். ஏன் போனேன் என்று, சேர் வபாத்தான இந்தப் பதினைந்து நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கௌரவமான வேலையாகத் தோன்றியது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

பாலாவி உப்பளத்துக்குப் பக்கத்தில், முடிவுக் கோட்டுக்கு இன்னும் ஐந்து கிலோமீற்றர் அளவு இருக்கையில், அவரைச் சந்தித்தோம்.

“சேர், ஏறுங்க. கடைசி அரைக் கிலோமீற்றர் ஓடினாப் போதுமாம்.”

நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு கேட்டார். “மத்தவங்க?”

“எல்லாரையும் ஏத்தப் போறம். ஒருத்தருக்கும் அநியாயம் இல்ல.”

“அநியாயத்தையும் சமனாப் பங்கு வெச்சிட்டீங்களா டீச்சர்?”

சாரதி யன்னலால் எட்டிப் பார்த்தார். “ஏறுங்க சேர், உள்ள ஏசி போட்டிரிக்கி.”

என் கைபேசியில் தலைவரின் குரல் கத்தியது: “ஏறாட்டி ஆளைப் பட்டியல்ல இருந்து வெட்டி விடுங்க!” அது சேருக்கும் கேட்டது. அவருடைய கால்கள் நின்றன. நெஞ்சிலிருந்த இலக்கத் துணியைக் கழற்றி என் கையில் வைத்தார். வரம்பில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறை விரல் பக்கம் சிவந்து ஊறிப் போயிருந்தது.

“நௌபர் வேன்ல ஏறல்ல எண்டு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

நாங்கள் பின்னால் போய் மற்ற ஐந்து பேரையும் ஏற்றினோம். ஒருவரும் மறுக்கவில்லை. திரும்பி வரும்போது சேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து பேருக்கும் அந்த நேரத்தில் மற்றப் பக்கத்து யன்னலில் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது. எனக்கும்தான். பிறகு அவர்கள் மூச்சிரைப்பது போல நடித்துக்கொண்டு ஓடி நாடாவை அறுத்தார்கள்; பதக்கம் வாங்கினார்கள். பிரதம அதிதி ஒவ்வொருவரின் தோளையும் தட்டி, வியர்வை பட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

நான் ஒலிவாங்கியில் சொன்னது இது: “நௌபர் ஆசிரியர் உடற்சோர்வு காரணமாகப் பாலாவியில் விலகிக்கொண்டார். அவருடைய முயற்சியைப் பாராட்டுவோம்.”

கைதட்டினார்கள். பரீதா ராத்தா பிளாஸ்க்கோடு மேடைக்கு ஓடி வந்தார். “விழுந்துட்டாங்களா டீச்சர்?”

“இல்ல ராத்தா. களைப்புத்தான்.”

அவர் முச்சக்கர வண்டி பிடித்துப் போனார். முகாமிலிருந்து வந்தவர்கள் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் வேப்பங்கிளையில் தொங்கவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு ஊர் அவருக்கு ‘அஞ்சு கிலோமீற்றர் சேர்’ என்று பெயர் வைத்தது. சலூனில் சொன்னார்கள், தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். பதக்கம் வாங்கிய ஐவரும் சொன்னார்கள். அவர் ஒருவரிடமும் விளக்கம் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் என்னிடம் வந்து, “டீச்சர், உங்கட குரல் நல்லாத் தெளிவா இருந்திச்சாம். வீட்டில சொன்னாங்க,” என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஒரே மேசையில் தாள் திருத்தினோம். அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை.

போன வருடம் நானே கேட்டேன். “சேர், வேனை விட்டிட்டு நீங்க ஓடியே வந்திருக்கலாமே?”

“எங்க வர? அந்தக் கோட்டில அஞ்சு பேர் ஓடாமலே வந்து நிண்டாங்க. நானும் போய் அவங்களோட நிக்கவா?”

இதில் அவரோடு எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. அவர் இரத்தக் காலோடு வந்து சேர்ந்திருந்தால் நாங்கள் அன்றே நாறியிருப்போம். உட்கார்ந்ததால் எங்களுக்கு ஒரு சுலபமான வசனம் கிடைத்தது. எங்களை அவ்வளவு கேவலமாக நினைத்தபடியால்தான் எங்களை நாணவைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. அது அவருடைய குறை. அவர் நினைத்ததில் பிழையில்லை என்பது எங்களுடைய குறை.

ஜனாஸா அடக்கம் அன்று வெயில் கடுமை. அடக்கும் மையவாடி புத்தளம் நகரில். பாலாவியிலிருந்து தோளில் கொண்டுபோவது கஷ்டம் என்று சங்கத்தார் வாகனம் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். அதே வேன் இல்லை, புதியது, குளிரூட்டியது. பெண்கள் இருந்த அறையின் திரைக்குப் பின்னாலிருந்து பரீதா ராத்தாவின் குரல் வந்தது.

“அவர வேன்ல ஏத்தாதீங்க.”

வெளியே யாரோ சமாதானம் சொல்லப் போனார்கள். ராத்தா இன்னும் உரத்துச் சொன்னார். “ஏத்தாதீங்க எண்டு சொல்றன். ஏலாதவங்க வீட்டுக்குப் போங்க.”

ஜனாஸா வைத்த சந்தூக்கைத் தோளில் எடுத்தார்கள். நாங்கள் பெண்கள் வேலிக் கடப்பு வரை வந்து நின்று பார்த்தோம். உப்பளம் வரைக்கும் வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. பிறகு கானலில் ஒன்றும் தெரியவில்லை.

மிச்சத்தை என் தம்பி சொன்னான். முகாம்காரர்கள் தோள் மாற்றி மாற்றி முழுத் தூரமும் நடந்தார்களாம். தலைவர் காரில் முந்திப் போய், மையவாடி வாசலில் காத்திருந்து, கடைசி நூறு அடிக்குத் தோள் கொடுத்தாராம். பின்னேர அஸருக்கு முன்னமே அந்தப் படமும் குழுவில் வந்துவிட்டது. தலைவரின் முகத்தில் களைப்பு நன்றாகத் தெரிகிறது.

சேர், உங்கள் இலக்கத் துணி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. நீங்கள் சொல்லச் சொன்னதை நான் அன்று சொல்லவில்லை. அதே குரலில், காலம் கடந்து, இப்போது அறிவிக்கிறேன்: நௌபர் ஆசிரியர் முன்னணியில் வந்துகொண்டிருக்கையில் பாலாவியில் நின்றுகொண்டார். அவர் வேனில் ஏறவில்லை. மிகுதித் தூரத்தை இம்மாதம் தோள்களில் கடந்து முடித்தார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

இதற்குக் கைதட்ட வேண்டாம்.