அண்ணனின் ஐம்பத்தாறு, என் ஐம்பது

போன செவ்வாய்க்கிழமை கச்சிராயப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். வேகமாக வந்து விழுந்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் நின்றுகொண்டே விழுந்தேன்.

முன்னால் போன டவுன் பஸ் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன். காலை ஊன்றப் பார்த்தேன். தரை எட்டவில்லை... சைக்கிளோடு அப்படியே சாய்ந்து, கரும்பு ஜூஸ் கடையின் சக்கைக் குவியலில் போய் உட்கார்ந்தேன்.

"யம்மா, மொதல்ல நீ எறங்கு, அப்பறம் சைக்கிள எறக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குனா எப்பிடி?" என்றார் கடைக்காரர். பஸ் ஜன்னல் முழுக்கச் சிரிப்பு.

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அசதியாக இருந்தது. அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அது என் அண்ணனின் சைக்கிள். ரோடு பைக் என்பார்கள். ஒல்லி டயர், ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். மெட்ராஸில் டெலிவரி வேலை பார்த்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினான். ஊர் திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமையானால் கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் மிதித்து ஏறி, வெள்ளிமலை வரை போய்வருவான். தை மாதம் காய்ச்சலில் படுத்தான். எழுந்திருக்கவில்லை. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த சைக்கிளில்தான் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன். எங்கள் தெருப் பெண்களிடம் கவர்மெண்ட் கொடுத்த சைக்கிள் இருக்கிறது. அது பதினொன்றாம் வகுப்பில் கொடுப்பது. நான் பத்தாவதிலேயே நின்றுவிட்டேன். பிறகு எங்கே சைக்கிள்?

அண்ணன் நெட்டை. நான் அவன் தோளுக்குத்தான் வருவேன். சீட்டை இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் அம்மா குறுக்கே நிற்கிறார்.

சீட்டைத் தாங்குகிற கம்பியில் அண்ணன் ஒரு நீல டேப் சுற்றியிருந்தான். அதுதான் அவனுடைய உயரம். ஸ்பேனரை எடுத்தாலே அம்மா வந்துவிடுவார்.

"அவன் வெச்சத மாத்தாதடி. ஓட்ட ஓட்ட சரியா பூடும்."

எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். அண்ணன் போட்ட சட்டை, அண்ணன் போட்ட செருப்பு... போடப் போடச் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகவும் ஆனது. நான் வளர்ந்துகொண்டிருந்தேன் அல்லவா! இருபத்திரண்டு வயதில் எங்கே போய் வளர?

கருமாதி அன்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "இனிமே அவன் எடத்துல நீதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அந்த இடம் என்ன சைஸ் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

விழுந்த அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் பாயின் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, ஏணி வெச்சி ஏறுறியா?"

"சீட்ட மட்டும் எறக்கினா போதுமா பாய்?"

"சீட்டு எறங்கும். இந்த குறுக்கு பாரு எறங்குமா? ஹேண்டிலு கிட்ட வருமா? இது அம்பத்தாறு சென்டி ஃபிரேமு. ஒனுக்கு ஜாஸ்தி. வூட்ல கால அளந்துகினு வா."

அளப்பது எப்படி என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கெட்டியான ஒரு புத்தகத்தை இரண்டு காலுக்கும் நடுவே, சீட்டு அழுத்துகிற மாதிரி மேலே அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்திலிருந்து தரை வரை டேப் வைத்தால், அதுதான் கால் அளவு. எங்கள் வீட்டில் ஏது கெட்டிப் புத்தகம்? தினசரி காலண்டர் அட்டையைக் கழற்றினேன்.

"காலண்டர வெச்சிகினு இன்னாடி கூத்து?" என்றார் அம்மா.

சொன்னேன். முழங்கால் வலிப்பதை, இடுப்பு ஆடி ஆடி மரத்துப்போவதை, விழுந்ததை. மறுநாள் காலையில் அம்மா புடவை மாற்றிக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அவர் பஸ்ஸில் வந்தார், நான் மிதித்தேன்.

பாய் கணக்குப் போட்டார். "ஒனுக்கு அம்பது. வாங்கினவன் வெளிநாடு போறான்னு ஒண்ணு வந்திருக்குது. இத குடுத்துட்டு அத எடுத்துக்க."

அம்மா அண்ணனின் சைக்கிள் பக்கத்தில் போய் நின்றார். சீட்டின் மேல் கையை வைத்தார்.

"போட்டோல அவன் கழுத்து வரைக்கும்தான் பாய் இருக்கான். அவன் ஒசரம் இதுல மட்டும்தான் இருக்குது."

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. முழங்கால்தானே... வலித்துவிட்டுப் போகட்டும்.

அம்மா சீட்டைத் தன் மேல் சாய்த்துப் பார்த்தார். "எனுக்கு விலா வரைக்கும் வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நகத்தால் அந்த நீல டேப்பைக் கீறி, மெதுவாக உரித்து, மணிபர்ஸின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

"அந்த சின்ன வண்டிய எடுங்க பாய்."

சின்ன வண்டியின் பாருக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றேன். இரண்டு பாதமும் தரையில். பாருக்கும் எனக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. "அதான் கணக்கு" என்றார் பாய்.

அம்மா குனிந்து என் பாதத்தைப் பார்த்தார்.

"கால் எட்டுதாடி?"

தை மாதத்துக்குப் பிறகு அம்மா என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. தலையை ஆட்டினேன்.

நீல டேப் இப்போது எங்கள் வீட்டு நிலைக்கதவில், அம்மாவின் விலா உயரத்தில் இருக்கிறது.

நீங்கள் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? கலரைப் பிறகு பாருங்கள். குனிந்து உங்கள் காலைப் பார்க்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.