தீர்ப்புக்கும் ஜெயிலுக்கும் நடுவில்

மூன்று மாதக் கடுங்காவல் என்று நாமக்கல் கோர்ட்டில் எனக்குத் தீர்ப்புச் சொன்ன அன்று, என் சட்டைப் பையில் தங்கச்சியின் கல்யாணப் பத்திரிகை பத்துப் பன்னிரண்டு இருந்தன. தீர்ப்பு முடிந்த கையோடு டவுனில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு வைத்துவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். விடுதலை ஆகிவிடுவேன் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது, மூக்கு மேல் கோபம்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் பொதுவாக ஒரு கிணறு. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கிணறு. ஒரு நாள் அண்ணன் முறை, ஒரு நாள் என் முறை. என் முறையன்று காலையில் போனால் அவர் இறைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டதற்கு, நேற்று மாட்டுக்குக் காலில் அடி, பாதி நாள் வீணாகிவிட்டது, அந்தப் பாதியை எடுத்துக்கொள்கிறேன் என்றார். பாதியாவது ஒன்றாவது என்று கையில் இருந்த தடியால் ஒரே போடு. இடது முன்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கோர்ட்டில் மட்டும் நான் அடிக்கவே இல்லை. மாடு இறங்குகிற சரிவில் அவராக வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டு என்மேல் பழி போடுகிறார் என்று என் வக்கீல் குறுக்கு விசாரணையில் அவரை வறுத்தெடுத்தார். அண்ணன் கூண்டில் நின்று, "இல்லீங்க, அவன்தானுங்க அடிச்சான்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. உண்மையைச் சொல்கிறவர்மேல் எனக்கு என்ன எரிச்சல் வேண்டிக்கிடந்ததோ, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தீர்ப்புக்கு முந்தின வாரம் வக்கீல், "எதுக்கும் நிலம் வெச்சிருக்கிற ரெண்டு பேரை நிலவரி கட்டின கிஸ்தி ரசீதோட கூட்டிட்டு வா. ஜாமீனுக்குத் தேவைப்படும்" என்று சொல்லியிருந்தார். அம்மா மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் காரியம் ஜெயம். ஆத்தாளே வாக்குக் கொடுத்த பிறகு ஜாமீன் ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் அவளை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதே கோயிலில் அண்ணனும் பூக் கேட்டிருந்தார், அவருக்கும் வெள்ளைதான் வந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

மாஜிஸ்திரேட் வாசித்து முடித்ததும் போலீஸ்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். கல்யாணத்துக்கு ஒன்பதே நாள். அப்பா இல்லாத வீடு, தாரை வார்த்துக் கொடுக்க நான்தான். பெண்ணின் கூடப்பிறந்தவன் ஜெயிலில் இருக்கிறான் என்றால் திருச்செங்கோட்டு மாப்பிள்ளை வீட்டார் பந்தல் பக்கமே வரமாட்டார்கள்.

வக்கீல் எழுந்தார். அப்பீல் செய்யப் போகிறோம், அதுவரை தண்டனையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டார். இப்படி ஒரு வழி இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். தண்டனை போய்விடாது, மேல் கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு அவகாசம் கொடுத்து, உள்ளே போகிற நாளைத் தள்ளி வைப்பார்களாம். மாஜிஸ்திரேட் ஒரு மாதம் கொடுத்தார். ஆனால் ஐந்து மணிக்குள் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் வரும்வரை சப் ஜெயில்.

கோர்ட்டுக்கு வந்திருந்த என் மாமனுக்கு டவுனிலேயே வீடு. ஓடிப்போய் ரசீதை எடுத்து வந்துவிட்டார். இரண்டாவது ஆளுக்கு எங்கே போக? ஊருக்குப் பஸ் ஏறிப் போய்த் திரும்புவதற்குள் கோர்ட்டைப் பூட்டிவிடுவார்கள். தெரிந்தவர்களையெல்லாம் மாமன் கேட்டுப் பார்த்தார். மனசு இருந்தவரிடம் ரசீது இல்லை, ரசீது இருந்தவருக்கு மனசு இல்லை. மணி நாலரை ஆயிற்று.

அண்ணன் அதுவரை வராந்தாக் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். கிணற்றில் தனக்குப் பங்கு உண்டு என்று காட்டுவதற்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் நிலத்துக் காகிதங்களையும் கிஸ்தி ரசீதையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவருவார். அந்தப் பையோடு நேரே உள்ளே வந்து குமாஸ்தாவின் மேஜைமேல் வைத்தார்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். "அடிபட்டவர் நீர்தானே?"

"ஆமாங்க."

"இவர் ஓடிப்போனால் பணம் நீர் கட்ட வேண்டிவரும்."

"ஓடமாட்டானுங்க சாமி. கோவக்காரன்தானுங்க, ஓடறவன் இல்லீங்க."

எங்கள் வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொள்ளக் குனிந்துகொண்டார். அண்ணனுக்குக் கையெழுத்துத் தெரியாது. ரேகை வைக்க இடது பெருவிரல்தான் வேண்டும். நான் ஒடித்த அந்தக் கையில் எலும்பு சரியாகக் கூடவில்லை. உள்ளங்கையைத் திருப்ப முடியாமல் உடம்பையே சாய்த்தார். குமாஸ்தா அவசரத்தில் விரலைப் பிடித்து அழுத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

"உனக்காகன்னு நெனச்சுக்காதே" என்றார். "அந்தப் புள்ள எனக்குந்தான் தங்கச்சி."

கல்யாணம் ஜோராக நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் மனசு குளிர்கிற மாதிரி நடந்தது. மழை வரும்போல மிரட்டிவிட்டுப் போய்விட்டது, சாம்பார் கடைசிப் பந்தி வரை ருசி மாறவில்லை, தங்கச்சி அழவேண்டிய இடத்தில்கூடச் சிரித்தாள். பந்தியில் பரிமாறியது அண்ணன்தான். வாளியை இடது கையில் ஒரு மாதிரி கோணலாக மாட்டிக்கொண்டு வந்தவரை மாப்பிள்ளையின் அப்பா நிறுத்தி, "கைக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கிணற்றில் ஏதோ தகராறு என்பதற்குமேல் அவருக்கு எதுவும் தெரியாது.

"அதுங்களா? மாடு எறங்குற சரிவுல வழுக்கி உழுந்துட்டேனுங்க" என்றார் அண்ணன். "இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கச் சொல்லட்டுங்களா?"

கூண்டில் அத்தனை கேட்டும் ஒப்புக்கொள்ளாத பொய் அது. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய் அழுதேன். துக்கமா சந்தோஷமா என்று கேட்டால், இரண்டும்தான்.

மூன்றாம் நாள் நாமக்கல் போனேன். வக்கீல் அப்பீல் மனுவைத் தயாராக வைத்திருந்தார், வாசித்துக் காட்டினார். முதல் பாராவிலேயே அண்ணன் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்.

"அந்த வரிய எடுத்துருங்க" என்றேன்.

"அதை எடுத்தா அப்பீலே இல்லையேப்பா."

"வேண்டாமுங்க. அடிச்சது நான்தானுங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அப்பீல் போடலைன்னா தண்டனையை இனித் தள்ளி வைக்க மாட்டாங்க. நேரா உள்ளே போகணும். தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. கல்யாணம் முடிஞ்சுதுங்க. இனிப் போலாமுங்க" என்றேன்.